பேர்ஸ் ட்ராஃப்ட் வாக்குவாதம் மக்கர் செய்தால்: அறிகுறிவாரியாகப் பழுது பார்ப்பது

ஏப்ரல் கடைசி வாரம் வந்துவிட்டால் சிகாகோ பேர்ஸ் ரசிகர்கள் இரண்டு பேர் ஒரே அறையில் நிம்மதியாக உட்கார முடியாது. யாரை எடுக்கணும், எங்கே ஓட்டை என்று ஆரம்பிக்கும் பேச்சு அரை மணி நேரத்தில் 2017-க்குப் போய்ச் சிக்கிக்கொள்ளும். அப்புறம் முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. பல வருஷமாக இந்தச் சண்டையில் ஒரு தரப்பாக நின்றவன் நான். கத்தியே ஜெயித்தது உண்டு, கணக்குச் சொல்லித் தோற்றதும் உண்டு. இயந்திரம் எந்தெந்த இடத்தில் மக்கர் செய்கிறது என்று கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. உங்கள் வீட்டுச் சண்டையில் எந்த வசனம் அடிக்கடி வருகிறதோ, நேராக அந்த அறிகுறிக்குப் போங்கள்.

புதியவர்களுக்கு நாலு வரி. பேசுவது அமெரிக்க ஃபுட்பாலைப் பற்றி. என்.எஃப்.எல்.-இல் 32 அணிகள். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை ஏழு சுற்றுகளாக, முறை வைத்து எடுத்துக்கொள்வதுதான் ட்ராஃப்ட். போன பருவத்தில் அதிகம் உதை வாங்கிய அணிக்கு முதல் முறை. ஐ.பி.எல். ஏலம் மாதிரி காசைக் காட்டி இழுக்க முடியாது. ஆனால் தன் முறையை இன்னொரு அணிக்குக் கொடுத்து வேறு முறைகளையோ ஆட்டக்காரரையோ வாங்கலாம். பட்டியலில் 53 பேர். சம்பளத்துக்கு கேப் என்ற உச்சவரம்பு உண்டு: 2024-இல் ஓர் அணிக்கு 25.54 கோடி டாலர், 2025-இல் 27.92 கோடி.

முதலில் ஸ்விட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்

டிவி ஓடவில்லை என்றால் மெக்கானிக் முதலில் பிளக்கைத்தான் பார்ப்பார். இங்கே பிளக் என்பது ஒரு கேள்வி: இரண்டு பேரும் ஒரே வருஷத்து அணியைப் பற்றித்தான் பேசுகிறீர்களா?

ட்ராஃப்டில் வருபவன் 21, 22 வயதுப் பையன். அவனுக்கு நாலு வருஷ ஒப்பந்தம். முதல் சுற்றில் வந்தவன் என்றால் ஐந்தாம் வருஷத்தையும் அணி விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் நண்பர் வருகிற செப்டம்பரில் யார் ஆடுவார் என்று கேட்கிறார். நீங்கள் மூன்று வருஷம் கழித்து யார் இருப்பார் என்று பதில் சொல்கிறீர்கள். பாதிச் சண்டை இந்த ஒரே இடத்தில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் கீழே வாருங்கள்.

அறிகுறி: "மஹோம்ஸை விட்டுட்டு ட்ருபிஸ்கியை எடுத்தானுங்களே!"

மிகப் பழைய பழுது, எல்லா வீட்டிலும் உண்டு. நடந்தது இது. 2017-இல் பேர்ஸுக்கு மூன்றாவதாக எடுக்கும் முறை. அப்போதைய பொது மேலாளர் ரையன் பேஸ், அந்த மூன்றோடு 67-ஆவது, 111-ஆவது முறைகள், அடுத்த ஆண்டின் மூன்றாம் சுற்று முறை ஆகியவற்றையும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்து ஒரே ஒரு படி ஏறினார். இரண்டாவதாக வடக்கு கரோலைனா பல்கலையின் மிட்செல் ட்ருபிஸ்கியை எடுத்தார். கல்லூரியில் 13 ஆட்டம்தான் தொடக்கக் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவராக, ஆடியவர். பேட்ரிக் மஹோம்ஸ் பத்தாவதாகக் கேன்சஸ் சிட்டிக்குப் போனார். டெஷான் வாட்சன் பன்னிரண்டாவதாக ஹூஸ்டனுக்கு. மஹோம்ஸ் அதன்பின் சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியை மூன்று தடவை வென்றுவிட்டார். வெந்த புண்ணில் வேல் வேண்டுமென்றால்: அந்த 67 கைமாறி நியூ ஆர்லின்ஸுக்குப் போய் ஆல்வின் கமாரா என்ற நட்சத்திரம் ஆனது. 2018-இன் மூன்றாம் சுற்று முறையில் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபிரெட் வார்னர் என்ற இன்னொரு நட்சத்திரத்தை எடுத்தது.

பழுது எங்கே? மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டுவிடுகிறோம். குவார்ட்டர்பேக் தேவையா? கொடுத்த விலை நியாயமா? எடுத்த ஆள் சரியா? தனித்தனியே அவிழ்த்துப் பாருங்கள்.

தேவை உண்மைதான். ஆனால் ஒரு மாதம் முன்னால், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களை அணிகள் காசு கொடுத்து வாங்கும் மார்ச்சில், மைக் கிளெனனை அதே இடத்துக்குப் பெரிய காசு கொடுத்துக் கூட்டி வந்திருந்தார்கள். ஒரே ஓட்டைக்கு இரண்டு முறை சிமெண்ட்.

விலைக்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் டாலஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில் போட்ட மதிப்பெண் அட்டவணை. அதில் முதல் முறைக்கு 3000, இரண்டாவதற்கு 2600, மூன்றாவதற்கு 2200. ஆக, ஒரு படி ஏற 400 கொடுக்க வேண்டும். 67-க்கு 255, 111-க்கு 72. அடுத்த வருஷ முறையை ஒரு சுற்று கீழே இறக்கி மதிப்பிடுவது வழக்கம். கூட்டினால் ஏறக்குறைய அந்த 400 வந்துவிடும். அதாவது "ஒரு படி ஏற அள்ளிக் கொடுத்துட்டான்" என்று நாம் இத்தனை வருஷமாகத் திட்டியது அட்டவணைப்படி தப்பு. சந்தை விலைதான் கொடுத்திருக்கிறார். அந்தப் படியை ஏறியே ஆக வேண்டுமா என்பது வேறு கேள்வி. மூன்றாவதாகச் சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்தது சாலமன் தாமஸ் என்ற தடுப்பாட்டக்காரரை. குவார்ட்டர்பேக் பக்கம் அது திரும்பவே இல்லை. வேறு அணி குறுக்கே புகுந்துவிடும் என்ற பயத்துக்குக் கொடுத்த காப்பீட்டுத் தொகை என்று சொல்லலாம்.

மிச்சம் ஆள் கேள்வி. தோற்றது அங்கேதான், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் மஹோம்ஸுக்கு முன்னால் மற்ற எட்டு அணிகளும் வேறு ஆளை எடுத்தன. பத்தாவது முறையைக் கையில் வைத்திருந்த பஃபலோ அதைக் கேன்சஸ் சிட்டிக்கு விற்றது. 27-இல் இருந்த கேன்சஸ் சிட்டி அதை வாங்கி ஏறியது. மஹோம்ஸ் அங்கே முதல் வருஷம் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஆடியது கடைசி ஒரே ஆட்டம். பக்கத்தில் ஆண்டி ரீட் என்ற பயிற்சியாளர்.

சரிசெய்ய: எதிரே இருப்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். "அன்னிக்கு ராத்திரி நீ யார் பேரைச் சொன்னே?" நான் கேட்டபோது என் நண்பன் சிரித்துவிட்டு, "நானும் வாட்சன்னுதான் சொன்னேன்டா" என்றான். நானும் வாட்சன்தான். இன்றைக்கு ஊரே மஹோம்ஸ் கட்சி. அன்றைக்கு அந்தக் கட்சிக் கூட்டத்துக்கு எங்கள் அறையில் நாற்காலி போடவே வேண்டியிருக்கவில்லை.

அறிகுறி: "68 தடவை தரையில விழுந்தான், முதல் சுற்றுல டேக்கிள்தான் எடுக்கணும்"

2024-இல் முதல் ஆளாக வந்த குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் தன் முதல் பருவத்தில் 68 முறை சாக் ஆனார், அதாவது பந்தை எறிவதற்குள் எதிரணி அவரைத் தரையில் சாய்த்தது. நியூ இங்கிலாந்துக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ஒன்பது. அதற்கு இரண்டு நாளில் ஆட்டத் திட்டம் போடும் ஷேன் வால்ட்ரன் வெளியே. நன்றி நவிலல் நாள் தோல்விக்கு மறுநாள் தலைமைப் பயிற்சியாளர் மேட் எபர்ஃப்ளஸும் வெளியே. நான்கு வெற்றி இரண்டு தோல்வி என்று நன்றாகத்தான் ஆரம்பித்தார்கள். பிறகு தொடர்ந்து பத்துத் தோல்வி. 2025-இல் பத்தாவது முறை கையில் இருந்தது. ஊரெல்லாம் ஒரே குரல்: அவர் காவலுக்கு ஆள் எடு, காவல் வரிசையின் ஓரத்தில் நிற்கும் டேக்கிளாகப் பார்த்து எடு.

எடுத்தது மிச்சிகன் பல்கலையின் கோல்ஸ்டன் லவ்லண்ட். டைட் எண்ட். அதாவது கொஞ்சம் காவல், கொஞ்சம் பந்து பிடிப்பு. அந்த இடத்தில் கோல் கமெட் ஏற்கெனவே நல்ல சம்பளத்தோடு உட்கார்ந்திருந்தார். அன்று ராத்திரி நானும் தலையில் அடித்துக்கொண்டேன்.

இந்த அறிகுறிக்கு மூன்று இடத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

முதலாவது, கடையில் சரக்கு இருந்ததா? வில் கேம்பெல் நாலாவதாகப் போய்விட்டார், அர்மாண்ட் மெம்பூ ஏழாவதாக, கெல்வின் பேங்க்ஸ் ஒன்பதாவதாக. பேர்ஸ் முறை வந்தபோது பெயர்பெற்ற டேக்கிள்கள் மூன்று பேரும் காலி. தேவை இருக்கிறது என்பதற்காக அடுத்த தரத்து ஆளைப் பத்தாம் விலைக்கு வாங்கினால், அந்த நஷ்டம் நாலு வருஷம் கூடவே வரும்.

இரண்டாவது, அந்த 68-க்கும் காவலாளிகள்தான் காரணமா? வில்லியம்ஸ் பந்தைக் கையில் நீண்ட நேரம் வைத்திருந்தார். கல்லூரியில் ஓடித் தப்பித்துப் பழகிய பையன். இங்கே துரத்துகிறவர்களும் அதே வேகம். காவலாளி விட்ட சாக், எறிபவன் தாமதித்த சாக், திட்டமே சொதப்பிய சாக் மூன்றையும் ஒரே எண்ணில் போட்டுவிட்டு டேக்கிளை மட்டும் திட்டக்கூடாது.

மூன்றாவதுதான் முக்கியம்: ஓட்டை ஏற்கெனவே அடைபட்டுவிட்டதா? மார்ச் மாதமே பொது மேலாளர் ரையன் போல்ஸ் காவல் வரிசையின் நடு மூன்று இடங்களையும் மாற்றிவிட்டிருந்தார். கேன்சஸ் சிட்டியிலிருந்து ஜோ துனி, நான்கு சூப்பர் பவுல் மோதிரம் போட்ட கார்டு, அதாவது டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்கும் காவலாளி. அவருக்கு விலை 2026-இன் நான்காம் சுற்று முறை. இன்னொரு கார்டு ஜோனா ஜாக்சனுக்கு ஓர் ஆறாம் சுற்று முறை. நட்டநடுவில் நிற்கும் சென்டர் ட்ரூ டால்மனுக்குச் சம்பளம் மட்டும்; ஒப்பந்தம் முடிந்து வந்தவர். ட்ராஃப்ட் சரக்கில் மொத்தச் செலவு ஒரு நாலு, ஒரு ஆறு. கூடவே டெட்ராய்ட்டின் ஆட்டத் திட்டங்களைப் போட்ட பென் ஜான்சன் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். ட்ராஃப்டில் இரண்டாம் சுற்றில், 56-ஆவதாக, ஆஸி ட்ரபிலோ என்ற டேக்கிளையும் எடுத்தார்கள். 2025 பருவத்தில் வில்லியம்ஸ் சாக் ஆனது அந்த 68-இல் பாதிகூட இல்லை.

சரிசெய்ய: "நமக்கு என்ன தேவை" என்ற பட்டியலை எடுத்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் "இது மார்ச்சில் கிடைக்குமா" என்று எழுதுங்கள். தேர்ந்த கார்டு மார்ச்சில் கிடைப்பார், வயது கொஞ்சம் கூடியிருக்கும், அவ்வளவுதான். 22 வயதுக் குவார்ட்டர்பேக்கோ, வேகமான இளம் டேக்கிளோ அநேகமாக ஏப்ரலில்தான் கிடைப்பார்கள். மார்ச்சில் கிடைப்பதற்கு ஏப்ரல் விலை கொடுக்கச் சொல்லி வாதாடுவது வீண்.

அறிகுறி: "முதல் முறையைப் போய் யாராவது விப்பாங்களா?"

இது 2023. அந்த முதல் முறை கிடைத்த கதையே விநோதம். 2022-இல் பேர்ஸ் மூன்று வெற்றி, பதினான்கு தோல்வி. கடைசி நாளில் ஹூஸ்டன் தோற்றிருந்தால் முதல் முறை அவர்களுக்கு. ஆனால் ஹூஸ்டன் இண்டியானாபொலிஸை ஒரு புள்ளியில் வென்றுவிட்டது, 32-31. அன்றைக்கு ஹூஸ்டன் பயிற்சியாளர் லவி ஸ்மித், ஒரு காலத்தில் பேர்ஸைச் சூப்பர் பவுலுக்குக் கூட்டிப் போனவர். அன்றே அவர் வேலையும் போனது. பழைய வீட்டுக்குக் கடைசியாக ஒரு சீர் கொடுத்துவிட்டுப் போனார்.

போல்ஸ் அந்த முறையைக் கரோலைனாவுக்கு விற்றார். கரோலைனா பிரைஸ் யங் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. இரண்டாவதாக ஹூஸ்டன் இன்னொரு குவார்ட்டர்பேக், சி.ஜே. ஸ்ட்ரவுடை எடுத்தது. முதல் பருவத்திலேயே ஸ்ட்ரவுட் அசத்த, "பார்த்தியா!" என்று ஆரம்பித்தார்கள்.

இந்தப் பழுதுக்குக் காரணம் ஒரு பெயருக்கு எதிரே ஒரு பெயரை மட்டும் வைப்பது. வாங்கியது ஒரு கொத்து. டி.ஜே. மூர் என்ற பந்து பிடிப்பவர், ஒன்பதாவது முறை, 61-ஆவது, 2024-இன் முதல் சுற்று, 2025-இன் இரண்டாம் சுற்று. ஒன்பதிலிருந்து ஒரு படி இறங்கி பத்தாவதாக டார்னல் ரைட்டை எடுத்தார்கள், வலது டேக்கிள். அந்த ஒரு படிக்கு ஃபிலடெல்ஃபியா கொடுத்த நான்காம் சுற்று முறை ஒரு பன்டராக முளைத்தது (அவர் கீழே தனியாக வருகிறார்). 61-ஐ வைத்துக் கொஞ்சம் ஏறி டைரீக் ஸ்டீவன்சன். கரோலைனா அந்தப் பருவத்தில் இரண்டே வெற்றியோடு கடைசிக்குப் போனதால் 2024-இன் முறை மறுபடியும் முதலாவதாகவே வந்தது: கேலப் வில்லியம்ஸ். 2025-இன் இரண்டாம் சுற்று, 39-ஆவது: லூதர் பர்டன். ஒரு முறையை விற்று முக்கால் வீட்டைக் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் உடனே போல்ஸுக்கு மாலை போட்டுவிடாதீர்கள். கரோலைனா அவ்வளவு மோசமாகும் என்று அவருக்கும் தெரியாது. அதே போல்ஸ்தான் 2022 நவம்பரில் சேஸ் கிளேபூலுக்காகப் பிட்ஸ்பர்க்குக்கு இரண்டாம் சுற்று முறையைக் கொடுத்தவர். பேர்ஸ் தோற்றுக்கொண்டே போக அந்த முறையின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. விதிமீறலுக்காக மயாமி தன் முதல் சுற்று முறையை இழந்திருந்ததால் அது 32-ஆவதாகவே வந்து நின்றது. பிட்ஸ்பர்க் அதில் ஜோயி போர்ட்டர் ஜூனியரை எடுத்தது. கிளேபூல் பேர்ஸுக்காகப் பிடித்த பந்துகள் மொத்தம் 18. தோற்கும் அணி தன் முறையைக் கொடுக்கும்போது எதிராளிக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது கையெழுத்துப் போடும் நாளில் தெரியாது. "அடுத்த வருஷ முறைதானே" என்று நண்பர் சொன்னால் இந்த 18-ஐ நினைவுபடுத்துங்கள்.

அறிகுறி: "ஃபீல்ட்ஸுக்கு வாய்ப்பே தரலை" / "ஃபீல்ட்ஸுக்கு வரலை"

இரண்டு பேரும் தொண்டை கிழிய ஒரே ஆளைப் பற்றிக் கத்துவார்கள், இரண்டு பேர் சொல்வதும் பாதி சரியாக இருக்கும்.

2021-இல் 20-இலிருந்து 11-க்கு ஏறி ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். விலையில் 2022-இன் முதல் சுற்று முறையும் சேர்த்தி. அது ஏழாவதாக வந்தது. அதாவது பையனைக் காக்க ஆள் வாங்க வேண்டிய காசையே பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கிளீவ்லண்டில் அவருடைய முதல் தொடக்க ஆட்டம்: ஒன்பது சாக், எறிந்து கிடைத்த நிகர தூரம் மொத்த அணிக்கும் ஒரே ஒரு யார்டு. ஒன்று. தட்டச்சுப் பிழை இல்லை. அடுத்த ஆண்டு கால் பலத்தில் 1143 யார்டு ஓடினார். அணி மூன்று ஆட்டம்தான் வென்றது.

2024 மார்ச்சில் அவரைப் பிட்ஸ்பர்க்குக்கு நிபந்தனையோடு கூடிய ஓர் ஆறாம் சுற்று முறைக்கு அனுப்பியபோது, திறமையை எடை போட்டு அனுப்பினார்கள் என்று இரு தரப்பும் நினைத்தது. நாள்காட்டியைப் பாருங்கள். மூன்று பருவம் முடிந்தது. அந்த மே மாதத்துக்குள் ஐந்தாம் வருஷத்தைச் சேர்ப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். அதற்குப் பின் பெரிய சம்பளம். 2010 வரை புதுப் பையனுக்கும் பெரிய சம்பளம்தான்: அந்த ஆண்டு முதலாவதாக வந்த சாம் பிராட்ஃபர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர். 2011-இல் விதி மாறியதும் முதலாவதாக வந்த கேம் நியூட்டனுக்கு நாலு ஆண்டுக்கு 2.2 கோடி. அன்றிலிருந்து மலிவான இளம் குவார்ட்டர்பேக் இருக்கும் அந்த நாலு வருஷம்தான் ஓர் அணி மற்ற இடங்களில் செலவழிக்கும் காலம். வில்லியம்ஸின் நாலு வருஷமும் சேர்த்தே நாலு கோடி டாலருக்குக் கொஞ்சம் கீழே. ஃபீல்ட்ஸின் கடிகாரத்தில் மணல் தீர்ந்துகொண்டிருந்தது. கையில் முதல் முறை இருந்தது. கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்கள்.

சரிசெய்ய: பேசும்போது "நல்லவனா கெட்டவனா" என்பதை ஒதுக்கிவிட்டு "எத்தனாவது வருஷம், என்ன சம்பளம்" என்று தொடங்குங்கள். குரல் தானாக இறங்கும்.

அறிகுறி: மறுநாள் காலையிலேயே மார்க் போடுவது

ஏ ப்ளஸ், சி மைனஸ் எல்லாம் பந்து ஓர் அங்குலம் நகர்வதற்கு முன்னால். தடவ மருந்து இல்லை, மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். 2022-இல் மூன்றாம் சுற்றில் எடுத்த வீலஸ் ஜோன்ஸ் நிலைக்கவில்லை. அதே ஆண்டு ஐந்தாம் சுற்றில், 168-ஆவதாக வந்த பிராக்ஸ்டன் ஜோன்ஸ் இடது டேக்கிளில் முதல் பருவத்தின் 17 ஆட்டத்தையும் தொடங்கினார். அந்த ஏப்ரலில் மார்க் போட்டவர்கள் இரண்டு ஜோன்ஸையும் மாற்றிப் போட்டிருப்பார்கள்.

அறிகுறி: "நாலாம் சுற்றுல பன்டரா?!"

ஆமாம். டோரி டெய்லர், ஆஸ்திரேலியாக்காரர், அயோவாவில் படித்தவர், 2024-இல் 122-ஆவது. தன் அணி முன்னேற முடியாமல் நிற்கும்போது பந்தைத் தூரமாக உதைத்து எதிராளியிடம் ஒப்படைப்பதுதான் தொழில். உனக்கு இங்கே அதிகம் வேலை இருக்காது என்று வில்லியம்ஸ் அவரிடம் வேடிக்கையாகச் சொன்னாராம். அந்தப் பருவத்தில் அணியிலேயே ஓய்வில்லாமல் உழைத்தவர் அவர்தான். இதை எதிர்த்து வாதிட எனக்கு மனசு வரவில்லை, அடுத்ததுக்குப் போவோம்.

எதுவும் பலிக்காவிட்டால்

ஒரு காகிதம் எடுங்கள். ட்ராஃப்டுக்கு முந்தின ராத்திரி, ஆளுக்கு ஒன்று. முதல் சுற்றில் யார், ஏன், மார்ச்சில் அடைபடாத ஓட்டைகள் எவை என்று எழுதித் தேதி போட்டு, சமையலறை மேசை டிராயரில் வையுங்கள். ஞாபகம் என்பது ரசிகன் பக்கமே சாயும் நடுவர். காகிதம் அப்படி இல்லை.

2025-க்கு நான் எழுதி வைத்தது டிராயரில் இருக்கிறது. அந்தப் பருவத்தில் பேர்ஸ் பிரிவை வென்றது. ப்ளேஆஃபில் கிரீன் பேயை, பாதி ஆட்டத்தில் 21-3 பின்தங்கியிருந்து, 31-27 என்று சாய்த்தது. அன்று நூறு யார்டுக்கு மேல் பந்து பிடித்தவர் லவ்லண்ட். என் காகிதத்தில் மூன்று டேக்கிள் பெயர் இருக்கிறது, மூன்றுக்கும் அடிக்கோடு போட்டிருக்கிறேன். லவ்லண்ட் பெயர் இல்லை. நண்பன் கேட்கும்போதெல்லாம் டிராயர் சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.